பாடகரின் கடைவாய்ப் பல்

நான் வேலை பார்க்கும் பல் கிளினிக் ஈப்போவில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. கீழே ஒரு தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. அதன் முதலாளியை நாங்கள் எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கடையின் குழம்பு வாசனையும் எங்கள் கிராம்புத் தைல வாசனையும் படிக்கட்டில் பாதி வழியில் சந்தித்துக்கொள்ளும். நானாவுக்குக் கடையைவிடப் பெரிய ஆசை ஒன்று உண்டு. தமிழ்நாட்டிலிருந்து பாடகர்களை வரவழைத்து இங்கே கச்சேரி நடத்துவது. சிறிய ஆட்களாக அழைத்துப் பழகியவர், அந்த முறை ஒரு பெரிய ஆளைப் பிடித்துவிட்டார். அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அவர் குரல் கேட்காத தமிழ் வீடு இந்த நாட்டில் இருக்காது என்று சொன்னால் போதும். என் கணவரும் இரண்டு டிக்கெட் வாங்கி வைத்திருந்தார்.

சனிக்கிழமைகளில் நாங்கள் மதியத்தோடு அடைத்துவிடுவோம். கருவிகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் டாக்டர் சீனப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். அவர் செருப்பை மாற்றிக்கொண்டிருந்தார். நானா படியேறி மூச்சு வாங்க வந்து நின்றார்.

“தங்கச்சி, டாக்டர போக விட்டுடாத. ஆளு கீழ வேன்ல இருக்காரு. பல்லு வலி. கன்னம் இப்படி வீங்கிப்போய் இருக்கு. இன்னிக்கி ஷோ லா, நான் செத்தேன்.”

“யாரு நானா?”

“போஸ்டர்ல இருக்கிற ஆளு!”

போஸ்டர் எங்கள் படிக்கட்டுச் சுவரிலேயே ஒட்டியிருந்தது. நான் டாக்டரிடம் மலாயில் சொன்னேன். அவருக்குப் பாடகர் யாரென்று தெரியாது. வீக்கம் என்ற வார்த்தையைக் கேட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையுறையைத் தேடினார்.

முதலில் மேலே வந்தவர் பாடகரின் மைத்துனர். மெலிந்த மனிதர், தோளில் ஒரு பிளாஸ்க்கைத் தொங்கவிட்டிருந்தார். வணக்கம் சொன்னதோடு நிற்காமல் அறை முழுவதும் காதால் தேடினார். “மேடம், அந்த ஏசிய நிறுத்த முடியுங்களா?” நிறுத்தினேன். “ரேடியோ?” அதையும் நிறுத்தினேன். அவர் இன்னும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பிறகு வரவேற்பறையில் இருந்த மீன்தொட்டியைக் காட்டினார். “அந்த மோட்டாரு. அத்தானோட சுருதிக்கு அது ஒத்து வராது. அதுலயே மனசு போயிடும் அவருக்கு.”

“மீனு செத்துடும் லா,” என்றார் நானா.

“கொஞ்ச நேரந்தாங்க.”

டாக்டர் தலையசைத்தார். மோட்டாரையும் நிறுத்தினேன். ஈப்போவின் மத்தியான வெக்கை ஜன்னல் வழியாக மெல்ல உள்ளே வந்து உட்கார்ந்தது.

அதன்பிறகு அவர் வந்தார். கழுத்தில் கம்பளிச் சால்வை, கறுப்புக் கண்ணாடி, முகக்கவசம். இடது தாடை முகக்கவசத்துக்கு வெளியே புடைத்துக்கொண்டிருந்தது. வந்து நேராக நாற்காலியில் படுத்துக்கொண்டார். டாக்டர் முகக்கவசத்தை மெதுவாக எடுத்துவிட்டு, தனக்குத் தெரிந்த நாலைந்து தமிழ் வார்த்தைகளில் முதலாவதைச் சொன்னார்.

“வாய் தொற.”

அவர் திறக்கவில்லை. வலது கையை மடியில் வைத்து, தாளம் போடும்போது வீசுவதைப்போல உள்ளங்கையை மேலே திருப்பினார்.

“அது வீச்சு. வேணாம்னு அர்த்தம்,” என்றார் மைத்துனர். “தட்டுனா சரின்னு அர்த்தம். கச்சேரி அன்னைக்கு அத்தான் விடிஞ்சதுலேருந்து பேச மாட்டார். வாயையும் தொறக்க மாட்டார். முதல் சத்தம் மேடையிலதான் வரணும். காலையிலேருந்து இளநீர் மட்டும், அதுவும் ஸ்ட்ராவில.”

இதை நான் டாக்டருக்கு எப்படி மொழிபெயர்ப்பது? சொன்னேன். டாக்டர் என்னைப் பார்த்தார், நான்தான் ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டேன் என்பதுபோல. “பல்லைக் காட்ட வந்திருக்கிறார், வாயைத் திறக்க மாட்டாரா?” என்று மலாயில் திருப்பிக் கேட்டார். “ஆமாம் டாக்டர்,” என்றேன்.

டாக்டர் வெளியிலிருந்தே தாடையைத் தொட்டுப் பார்த்தார். நெற்றியில் புறங்கையை வைத்தார். காய்ச்சல் அடித்தது. பல்லின் அடியில் சீழ் கட்டியிருக்கிறது, அது கழுத்துப் பக்கம் இறங்கினால் மூச்சே அடைக்கலாம், மாத்திரை கொடுத்து அனுப்பும் நிலைமை தாண்டிவிட்டது என்றார். நான் வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். பாடகர் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். கை அசையவில்லை. தட்டும் இல்லை, வீச்சும் இல்லை.

“சார், கொஞ்சம் தொறங்க சார். பாத்துட்டு விட்டுடுவாங்க,” என்றேன். பிள்ளைகளுக்குச் சொல்வதைப்போல. எங்களிடம் வரும் பிள்ளைகளுக்காவது ஒரு பலூன் கொடுக்கலாம். இவருக்கு என்ன கொடுப்பது?

கொஞ்ச நேரத்தில் கறுப்புக் கண்ணாடிக்குக் கீழிருந்து கண்ணீர் ஒரு கோடாக இறங்கி காதுக்குள் போனது. வலி தாங்க முடியாமல் அவராகவே வாயைத் திறந்தார்.

கீழ் வரிசை, இடது பக்கம், கடைவாய்ப் பல். டாக்டர் பார்த்தார், படம் எடுத்தார், மரக்க வைக்கும் ஊசிக்குக் கை நீட்டினார். நான் ஊசியை எடுத்துக் கொடுக்கும்போது பாடகர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“ஊசி வேணாம்மா,” என்றார். “ழ போயிடும்.”

அன்று அவர் பேசிய முதல் வார்த்தைகள். மைத்துனர் தலையில் கை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். நானாவுக்கு எது போயிற்று என்று புரியவில்லை, ஏதோ போய்விட்டது என்று மட்டும் புரிந்தது.

பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. வீங்கிய வாயோடு, ஒவ்வொரு எழுத்தையும் இடம் பார்த்து இறக்கிவைப்பதைப்போலப் பேசினார். முன்பு வேறொரு நாட்டில் இதேமாதிரி காலையில் பல்வலி, ஊசி போட்டுக்கொண்டு சாயங்காலம் மேடையேறினாராம். உதடு சரியாகிவிட்டது, நாக்கு மட்டும் பாதி மரத்திருந்தது. பல்லவியிலேயே மழை வருகிறது. “மழைன்னு பாடறேம்மா, மயைன்னு வருது. மறுபடி பாடறேன், மறுபடியும் மயை. முன்னாடி உக்காந்திருந்த ஒரு குழந்தை சிரிச்சுது. குழந்தைதானே. அப்புறம் பின்னாடி இருந்தவங்களும் சிரிச்சாங்க. அது இன்னும் எல்லார் போன்லயும் ஓடிக்கிட்டிருக்கு.”

எனக்குப் பாவமாக இருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. “சார், நீங்க கவலப்படாதீங்க. எங்க ஊர்ல பாதிப் பேருக்கு ழ வராது. வாளப்பளம்னுதான் சொல்லுவோம். யாரும் கவனிக்க மாட்டாங்க சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றும் என்னால் விவரிக்க முடியாது. ஒரு கொலையைப் பற்றி மிகச் சாதாரணமாகப் பேசிவிட்டேன் போலிருந்தது.

டாக்டர் என்ன நடக்கிறது என்று கேட்டார். சொன்னேன். தமிழில் ஓர் எழுத்து இருக்கிறது, நாக்கை மடித்துச் சொல்ல வேண்டும், அது கெட்டுப்போகும் என்று பயப்படுகிறார் என்றேன். “ஓர் எழுத்துக்காகவா?” என்றார் டாக்டர். கொஞ்சம் யோசித்துவிட்டு, பல்லின் நரம்பு செத்திருக்கிறது என்றே நினைக்கிறேன், ஊசி இல்லாமலே மேலே துளைபோட்டுச் சீழை வடியவிடலாம், வலித்தாலும் வலிக்கும், அவர் அசையக்கூடாது என்றார். பாடகர் மடியில் ஒரு தட்டு தட்டினார். சரி.

டிரில் சுழன்றது. உடனே கை மேலே வந்தது. நிறுத்தினோம்.

“இது என் சுருதியில இல்ல.”

மைத்துனர் ஓடிவந்து கைப்பேசியில் தம்புரா ஓசையை வைத்து அவர் காதருகில் பிடித்தார். டிரில் மறுபடி சுழன்றதும் தம்புரா அடியோடு முழுகிப்போனது. மறுபடியும் கை. டாக்டர் முகக்கவசத்துக்குள் கன்டனீஸில் எதையோ சொன்னார், மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

“நீங்க பாடுவீங்களாம்மா?” என்றார் பாடகர் என்னிடம்.

“ஐயோ இல்ல சார். சர்ச்சுல கொயர்ல நிப்பேன், அவ்வளவுதான்.”

“அது போதும். ச மட்டும் பிடிங்க. விடாம.”

கொயரில் நான் கடைசி வரிசை. பாட்டு மாஸ்டர் என்னைப் பார்த்து வாயை மட்டும் அசைக்கச் சொன்ன ஞாயிறுகளும் உண்டு. காம்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். எங்கள் அப்பா விடிகாலையில் ஆட்களைக் கூட்டும் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கூப்பிட்டால், லய வீடுகளின் கடைசி வரிசைவரை கேட்கும். அந்தக் குரல்தான் எனக்கும் வாய்த்தது. இதைக்கொண்டு இந்த மனிதருக்கு நான் சுருதி பிடிப்பதா? நானாவைப் பார்த்தேன். அவர் இரண்டு கைகளையும் கூப்பினார்.

ஒரு கையில் எச்சில் உறிஞ்சும் குழாய், மறு கையில் விளக்கின் பிடி, முகத்தில் கவசம். ஆ என்று ஆரம்பித்தேன். டிரில் சுழன்றது. பாடகர் வாயை அகலத் திறந்தபடி, ஆள்காட்டி விரலை லேசாக மேலே தூக்கினார். இன்னும் மேலே. ஏற்றினேன். இன்னும் கொஞ்சம். ஏற்றினேன். விரல் நின்றது. அங்கேயே பிடித்துக்கொண்டேன். மூச்சு முடிந்து நான் இழுத்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் அவர் நெற்றி சுருங்கியது, பல்லுக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை. ஒருமுறை குரல் நடுங்கி இறங்கியது. பல்லில் இரும்பு இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், அந்த விரல் பொறுமையாக எழுந்து என்னை மேலே கூப்பிட்டது. வியர்வை என் கண்ணில் வழிந்தது. துடைக்கக் கையில்லை.

திடீரென்று நாற்றம் வந்தது, சீழ் வந்தது. அவர் உடம்பு முழுவதும் தளர்ந்தது. இந்த வேலையில் பல தடவை பார்த்திருக்கிறேன். அடைபட்டிருந்தது வடிந்ததும் மனிதர்களின் முகமே மாறிவிடும். டாக்டர் கழுவிவிட்டுப் பஞ்சு வைத்தார். “முடிஞ்சிச்சி,” என்றார் தமிழில்.

பாடகர் எழுந்திருக்கவில்லை. குனிந்து பார்த்தேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

“நல்லதுதான், கொஞ்சம் தூங்கட்டும்,” என்றார் நானா. மைத்துனரின் முகத்தில்தான் ரத்தமே இல்லை.

“வலியில நாலு நாளா தூங்கலைங்க அவரு. இப்ப எழுப்பவே முடியாது.”

“ஏன் எழுப்ப முடியாது?”

“எழுப்புனா பாட மாட்டார். ஒரு தடவ ஹோட்டல் பையன் ஒருத்தன் கதவைத் தட்டி எழுப்பிட்டான். அப்படியே வண்டி ஏறி வீட்டுக்குப் போயிட்டாரு. அந்த மாசம் முழுக்கப் பாடல. அவரா முழிக்கணும்.”

காத்திருந்தோம். கச்சேரி நேரம் நெருங்க நெருங்க நானாவின் கைப்பேசி நடுங்கிக்கொண்டே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போய் கிசுகிசுப்பார், திரும்பி வருவார், பாடகரின் காலடியில் நின்று பார்ப்பார், மறுபடி போவார். “வந்துக்கிட்டே இருக்காருன்னு சொல்லிட்டேன் லா. ஆளுங்க உள்ள வந்து உக்காந்துட்டாங்க. பாரிட் புந்தார்லேருந்து பஸ் புடிச்சி வந்திருக்காங்க தங்கச்சி.” ஒருமுறை கைப்பேசியைச் சத்தமில்லாமல் வைக்க மறந்துவிட்டார். அது முழுச் சத்தத்தில் அடித்தது. அடித்தது என்ன, பாடியது. அவர் ரிங்டோனாக வைத்திருந்ததே இந்தப் பாடகரின் பாட்டுத்தான். நாங்கள் எல்லாரும் உறைந்துபோனோம். நாற்காலியில் அசைவே இல்லை.

நானா மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் நானாவைப் பார்த்தார். சிறிது நேரம் கழித்து அந்தப் பாட்டு இன்னொரு முறை ஒலித்தது. இந்த முறை அது தற்செயல் இல்லை என்று எனக்குத் தெரியும். பாடகர் தன் குரலையே கேட்டுக்கொண்டு தூங்கினார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. டாக்டர் வீட்டுக்குப் போகவில்லை. துளைபோட்ட பல்லோடு நோயாளியைத் தனியே விட்டுப் போக அவரால் முடியாது. வரவேற்பறைக்குப் போய்ப் பார்த்தேன். மீன்கள் எல்லாம் தண்ணீரின் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. மோட்டாரைப் போடலாமா என்று கேட்டேன். மைத்துனர் கண்ணாலேயே கெஞ்சினார். டாக்டர் ஒரு குவளையை எடுத்து, தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து மெதுவாக ஊற்றத் தொடங்கினார், காற்று கலக்கட்டும் என்று. படித்த பல் மருத்துவர், சனிக்கிழமை சாயங்காலம், யாரென்றே தெரியாத ஒரு பாடகரின் தூக்கத்துக்காக மீனுக்கு மூச்சு ஊற்றிக்கொண்டிருந்தார். கை வலித்ததும் குவளையை என்னிடம் கொடுத்தார். நான் ஊற்றினேன்.

மைத்துனர் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். வங்கியில் வேலை பார்த்தவராம். அக்கா கேட்டுக்கொண்டதால் அதை விட்டுவிட்டு இவரோடு ஊர் ஊராகப் போகிறார். மேடையில் மஞ்சள் திரை இருந்தால் அதை மாற்றுவது, தலையணையைச் சுமப்பது, விமானத்தில் யார் பக்கத்தில் உட்காரலாம் என்று பார்ப்பது. ஒரு கச்சேரியைக்கூட முன்னால் உட்கார்ந்து கேட்டதில்லை என்றார்.

“எல்லாரும் இவர கிறுக்குன்னு சொல்றாங்களே அண்ணே?” என்று நானா கேட்டார், கொஞ்சம் கோபமாகவே.

“எது கிறுக்கு, எது இல்லன்னு எனக்குத் தெரியாதுங்க. எதெல்லாம் செஞ்சா பாடுவாருன்னு மட்டும் தெரியும். அதுலயும் எது நெஜமாவே வேணும், எது வேணாம்னு தெரியாது. விட்டுப் பாக்கப் பயமா இருக்கு. அதனால எல்லாத்தையும் செய்யறேன்.”

நானா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பி, “நீ ஏதாச்சும் ஜெபம் பண்ணு தங்கச்சி, நான் என் பக்கம் கேட்டுட்டேன்,” என்றார். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஜெபித்தேன். என்னவென்று கேட்பது என்றுதான் தெரியவில்லை. அவர் எழுந்திருக்க வேண்டும் என்றா, தூங்கிப் பிழைக்க வேண்டும் என்றா? டாக்டரைக் கேட்டால் அவர் போகவேண்டிய இடம் மேடை அல்ல, ஆஸ்பத்திரி.

அவர் எழுந்தது யாருடைய முயற்சியாலும் அல்ல. வெளிச்சம் குறைந்து விளக்கு போடலாமா வேண்டாமா என்று நாங்கள் தயங்கிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து கால் வைக்கும் சத்தம் கேட்டது. கழுத்தில் கட்டிய காகிதத் துணியோடு வாசலில் நின்றார். முகம் தெளிந்திருந்தது.

“நேரமாச்சா?” என்றார்.

டாக்டர் மட்டும் நேராகப் பேசினார். இன்றைக்குப் பாட வேண்டாம், மருந்து ஏற்ற வேண்டும், தாக் போலே, கூடாது என்றால் கூடாது. நான் மொழிபெயர்த்தேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தைகள் வரும்போது நானாவின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். பாடகர் முழுவதையும் மரியாதையாகக் கேட்டார். டாக்டருக்குக் கைகூப்பினார். “நாளைக்குக் காலையில வர்றேன்னு சொல்லுங்கம்மா,” என்றார். பிறகு மைத்துனர் பின்னால் ஓட, நானா முன்னால் ஓட, படியிறங்கிப் போய்விட்டார். நான் ஓடிப்போய் மீன்தொட்டியின் மோட்டாரைப் போட்டேன்.

நானும் என் கணவரும் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதி நாற்காலிகள் காலி. கோபித்துக்கொண்டு போனவர்கள் போக, மிச்சம் பேர் கத்திக் களைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் வந்தார். பாடினார். தொடர்ந்து, இடைவெளி விடாமல் பாடினார். பக்கத்தில் இருந்த ஒரு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு வரியிலும் எங்கே ழ வரப்போகிறது என்று எண்ணி, வருவதற்கு முன்பே கையை இறுக்கிக்கொண்டேன். எல்லா ழவும் சரியாகவே வந்தன. வந்து போனபிறகும் எனக்கு நிம்மதி இல்லை, அடுத்தது இருந்தது. வண்டியில் ஏறியதும் கணவர், “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார். “தெரியல,” என்றேன்.

மறுநாள் ஞாயிறு. டாக்டரும் நானும் கிளினிக்கைத் திறந்து வைத்துப் பாடகருக்காகக் காத்திருந்தோம். அவர் வரவில்லை. கைப்பேசியில் அழைத்தோம், யாரும் எடுக்கவில்லை. டாக்டர் மருந்துகளைக் கட்டி, எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதை என்னிடம் இரண்டு முறை சொல்லி, ஹோட்டலுக்கு அனுப்பினார்.

ஹோட்டல் வாசலில் வேன் நின்றது. அவர் படியில் நின்று ஒவ்வொருவரோடும் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இடது கன்னம் மறுபடி வீங்கத் தொடங்கியிருந்தது. கூட்டத்தை விலக்கி அவர் முன்னால் போய் நின்றேன்.

“சார், டாக்டர் குடுத்து விட்டாங்க. இன்னிக்கே ஆரம்பிக்கணும் சார். கிளினிக்குக்கு ஒரு தடவ வந்துட்டுப் போங்களேன், பத்து நிமிஷந்தான்.”

அவர் அன்பாகச் சிரித்தார். யாரென்று தெரியாமல் சிரிக்கும் சிரிப்பு. நேற்று முழுவதும் நான் முகக்கவசம் போட்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. “நான்தான் சார், பல் கிளினிக்,” என்றேன். கூட்டத்தின் இரைச்சலில் அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது. யாரோ என் கையிலிருந்த கைப்பேசியை வாங்கி, “பாருங்க அக்கா, பாருங்க,” என்று படம் எடுத்துவிட்டார்கள். அவர் நல்ல கன்னத்தைக் காட்டி நின்றார். மருந்துப் பொட்டலத்தை வாங்கி, பார்க்காமலே மைத்துனரிடம் கொடுத்தார். மைத்துனர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஏதோ சொல்ல வந்து, வேனுக்குள் தலையணை சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து நானா மேலே வந்து சொன்னார். கோலாலம்பூரில் காய்ச்சல் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம். மயக்கம் கொடுத்து அந்தப் பல்லையே பிடுங்கிவிட்டார்கள். அங்கே நடக்கவேண்டிய கச்சேரி நடக்கவில்லை. இப்போது நலமாக இருக்கிறார், ஊருக்குப் போய்விட்டார். நானா இதைச் சொல்லிவிட்டு மீன்தொட்டியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அடுத்த முறை நகைச்சுவைக்காரர்கள் இரண்டு பேரை அழைக்கப்போவதாகச் சொன்னார்.

நான் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் அந்தப் பல்லின் படத்தைத் திரையில் வரவழைத்துப் பார்த்தார்.

“இதைக் காப்பாற்றியிருக்கலாம்,” என்றார். பிறகு அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொன்னார்.